நான் படித்துச் சொன்ன கடைசிப் பாகம்

திரையின் அடியில் ஓடும் வரிகளை இன்னொருவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி, அடுத்த வரி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

என் தம்பி ஹேமநாதனுக்குச் சர்க்கரை நோயில் முதலில் சிறுநீரகம் போனது, பிறகு கண். முப்பத்தொரு வயது. இந்தச் சிகாமட் ஊரில் எங்களுக்கு வேறு ஆளில்லை. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். அதற்காக ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலையை அரைநாளாக்கிக்கொண்டேன். ஏழு வருடம். குறையாகச் சொல்லவில்லை.

ஒரு ஜப்பானிய அனிமே தொடர் என்றால் அவனுக்கு உயிர். போரில் அழிந்த நாட்டில், நடக்க முடியாத தம்பியை முதுகில் சுமந்துகொண்டு கடலை நோக்கிப் போகும் ஓர் அண்ணனின் கதை. தம்பிக்காக அவன் திருடுவான், அடைக்கலம் கொடுத்தவர்களையே காட்டிக்கொடுப்பான். அவன் நல்லவனா கெட்டவனா என்று ஹேமனும் கூட்டாளி வேலுவும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

"கெட்டவன்தான்டா. ஆனா எனக்கும் அப்படி ஒருத்தன் வேணும்லா," என்பான் வேலு.

"எனக்குத்தான் அக்கா இருக்கே," என்று இவன் சிரிப்பான்.

கடைசிப் பாகம் வாரம் ஓர் அத்தியாயமாக வந்தபோது வேலு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். ஹேமனுக்குப் பார்வை போயிருந்தது. அவன் குரல்களைக் கேட்டான். நான் வரிகளைப் படித்தேன்.

நான்கு வாரம் உள்ளபடியே படித்தேன். ஐந்தாம் வாரம், 'நீ எனக்குப் பாரமே இல்லை' என்று அண்ணன் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம், அண்ணன் செய்யும் பாவமெல்லாம் தன்னால்தான் என்று தம்பி சொல்வதாக ஒரு வரியைச் சேர்த்தேன். கதைக்குப் பொருந்தித்தான் இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கமலநாதன், என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர், வருவதானால் தனியாக வா என்று கடைசியாகச் சொன்னதும் அந்த மாதம்தான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

உண்மையான முடிவில், அண்ணன் ஒரு கிராமத்தின் மருந்தைத் திருடுகிறான். அங்கே குழந்தைகள் சாகும் என்று தெரிந்தும் திருடுகிறான். தம்பியோடு கடலைச் சேர்கிறான். நான் சொன்ன முடிவில், தம்பி தானாகவே பனியில் இறங்கிக்கொண்டு, நீ போ என்கிறான். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.

"அழுறானேக்கா," என்றான் ஹேமன்.

"நிம்மதியில அழுறான்."

"அப்ப தம்பிதான் நல்லவன்," என்றான். ஆமாம் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் எழுந்திருக்கவில்லை. இனிமேல் மையத்துக்குப் போகவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன் என்றான். தாதி போன் செய்து, பேசிப் பாருங்கள் என்றாள். பேசிப் பார்த்ததாகச் சொன்னேன். பேசவில்லை. கார்ச் சாவியை ஆணியில் மாட்டினேன். வேலு கூப்பிட்டபோது, தூங்குகிறான் என்றேன்.

எட்டாம் நாள் கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வேலு முழுக் கதையும் அந்த வாரமே போன்ல சொல்லிட்டான்கா," என்றான். "ரெண்டு பேருமே கடலுக்குப் போயிடுறாங்களாம்லா."

என் கை அவன் நெற்றியில் இருந்தது. எடுக்கவில்லை.

"பரவால்லக்கா. உன் கதைதான் நல்லாருந்துச்சு."

மையம் இருபது நிமிடத் தூரம். காரில் எண்ணெய் இருந்தது. நான் துணியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாளில் போய்விட்டான்.

அவன் சாக வேண்டும் என்றுதான் மாற்றிப் படித்தேன். தெரிந்தே அவன் அதை ஏற்றுக்கொண்டதால், அதில் பாதி அவனுடைய விருப்பம் என்றும் வைத்துக்கொள்ளலாம். கமலநாதன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

இப்போதும் மாலையில் அந்தத் தொடரைப் போட்டு வாய்விட்டுப் படிக்கிறேன். கேட்க ஆளில்லை, உள்ளபடியே படிக்கிறேன். அந்த ஐந்தாம் வாரத்து வரி வரும்போது மட்டும் இருமல் வந்து, வரி போய்விடுகிறது. ஊரெங்கும் புகைமூட்டம். அதனாலாக இருக்கும்.