பச்சைப் புள்ளி

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். முப்பத்திரண்டு வருஷமாகக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தே பிழைத்தவன் நான். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. டீ வேறு சொல்லிவிட்டீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஷெட்டில் ஒரு வாடகைக் கார் நேற்றிலிருந்து ஜாக்கியில் நிற்கிறது.

பெயர் பாஸ்கல். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக் ஷெட் என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்றில், எண்ணூர் சாலையில் ஒரு சின்னக் காரின் முன்சக்கரம் கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். அதற்காக என் ஷெட்டில் வேலை பார்த்த ஷாகுல் ஹமீது ஒன்பது மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அந்த வழக்கில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார் அருள்பிரகாசத்தினுடையது. துறைமுகத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அவரிடம் விற்றுவிட்டுப் போன கார் அது. நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம், பெட்ரோல் அதிகம் குடிக்காது. நம் ஊர்க் கார்களைப் பின்சக்கரம் தள்ளும். அதை முன்சக்கரம் இழுக்கும். என்ஜினிலிருந்து முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆக்சில் போகும். ஒரு பக்க ஆக்சில் மூட்டில் ரப்பர் உறை கிழிந்து எண்ணூர் மணல் உள்ளே போய்விட்டது. திரும்பும்போதெல்லாம் டக், டக் என்று சத்தம். புது ஆக்சில் இந்த ஊரில் கிடையாது. ஒரு கப்பல் என்ஜின் ரூம் ஆளிடம் சொல்லிவைத்து, நாலு மாதம் காத்திருந்தோம். எண்ணெய்த்தாளில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவது போல ஷாகுல்தான் அதை ஹார்பர் கேட்டிலிருந்து தூக்கிவந்தான்.

ஷாகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. என்னிடம் பதினோரு வருஷம். என் வலது தோள் அறுபத்தெட்டிலேயே போய்விட்டது. பெரிய நட்டு எதையும் இழுத்து முறுக்க முடியாது. கண்ணும் மங்கல். ஷெட் என் பெயரில் இருந்தது, வேலை அவன் கையில் இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்குவதுகூட அவன்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து களைத்துப்போயிருப்பேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு நாள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நைனா, பொங்கலுக்கு அப்பால தனியா போலாம்னு கீறேன். திருவொத்தியூர்ல அருளு சாரு எடம் கீது. ஷெட்டு போட்டுக்கோடான்றாரு."

நான் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா நைனா, வாய்ல ஸ்பேனரா வச்சிருக்கே? எதுனா சொல்லேன்."

"நல்லதுடா. போ," என்றேன்.

"சும்மா சொல்றியா, மெய்யாலுமா?"

"மெய்யாலும்தாண்டா."

அவன் சிரித்தான். நான் யோசித்தது ஒன்றுதான். நாளைக் காலையில் ஷட்டரை யார் தூக்குவது? ஒருவன் களைப்பினால் இதைச் செய்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கோபம், பொறாமை என்று ஏதாவது எழுதிக்கொள்ள விரும்புவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இருக்கவில்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். சக்கரத்தின் நடு நட்டை முறுக்கி, அது திரும்பாதபடி குறுக்கே ஸ்பிளிட் பின் கோத்து, பின்னின் கால்களை மடக்கியதும், செய்தவன் தன் நிறத்தில் ஒரு புள்ளி வைப்பான். கப்பலுக்கு அடித்து மீந்த பெயிண்ட். எனக்குச் சிவப்பு, அவனுக்குப் பச்சை. புள்ளி வைத்த நட்டை அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது, சோதிக்கவும் கூடாது. சோதித்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குள் ஷாகுல் ஆக்சிலை மாற்றிவிட்டான். ஸ்பேனரில் குழாயைச் செருகி, முழு எடையையும் போட்டு நட்டை முறுக்கினான். புதுப் பின் போட்டான். பச்சை வைத்தான். வண்டி ஜாக்கியில் நிற்க, ஜும்மா தொழுகைக்குப் போனான்.

நான் பின்னை எடுத்தேன். அதே குழாயை வைத்து நட்டைத் தளர்த்தினேன். இறுக்கத்தான் தோள் வேண்டும், தளர்த்துவதற்குக் குழாயின் மேல் ஏறி நின்றால் போதும். பிறகு கையால் இரண்டு சுற்று. ஸ்பிளிட் பின் இருந்த துளை தெரியாதபடி பச்சைப் பெயிண்டைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்த ஷாகுல் சக்கர மூடியைப் போடும்போது விரலைப் பார்த்துக்கொண்டான். பச்சை ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா, பெயிண்ட் இன்னும் காயல?"

"கடல் காத்துல எங்கடா காயும்?"

தன் புள்ளிதானே. மூடியை அடித்துப் பொருத்தி ஜாக்கியை இறக்கினான்.

இங்கே நான் ஒன்று சொல்லலாம். தெருமுனையிலேயே சக்கரம் ஆடும், அருள்பிரகாசம் இறங்கித் திட்டுவார், இடம் கிடையாது என்பார், ஷாகுல் என்னிடமே இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன் என்று. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷ மெக்கானிக் நான். தெருமுனையில் அது ஆடாது, வேகம் பிடித்த பிறகே கழலும் என்பதும் எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அருள்பிரகாசம் வந்தார். கூடவே அவர் மகள் ஃப்ளோரன்ஸ், பள்ளிக்கூட டீச்சர். எண்ணூரில் அத்தை வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அவள் வருவாள் என்று எனக்கு முன்னால் தெரியாது. அது உண்மை. ஆனால் என் கண் முன்னால்தான் ஏறினாள்.

"மாமா, இனிமே இது டக்கு டக்குனு என்னை வையாதுல்ல?"

"வையாதும்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சேலைத் தலைப்பு கதவில் மாட்டியிருந்தது. திறந்து, எடுத்துவிட்டு, மறுபடியும் சாத்தினேன். நிறுத்த வேண்டும் என்றால் அப்போது நிறுத்தியிருக்கலாம். அதற்கு நிறையப் பேச வேண்டியிருந்திருக்கும்.

நெட்டுக்குப்பத்துக்குப் போகும் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் சக்கரம் கழன்றது. எதிரே இரும்பு லாரி. அருள்பிரகாசம் அங்கேயே போய்விட்டார். ஃப்ளோரன்ஸ் ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். சக்கரம் மட்டும் தனியாக மணலில் ஓடி நின்றதாம். மீன் கூடைக்காரர்கள் எடுத்துவைத்திருந்தார்கள். நட்டு சாலையோரத்தில் கிடைத்தது. அதில் பச்சை இருந்தது, ஸ்பிளிட் பின் இல்லை. பச்சை யாருடையது என்று போலீஸ் கேட்டது. சொன்னேன்.

ஷாகுல் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "தொளுகைக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல பின்னு போட மறந்துட்டேன் போல கீது, நைனா," என்றான். கோர்ட்டில் அவனுக்காக நான் பேசினேன். நல்லவன், அன்று களைத்திருந்தான் என்றேன். அதனால்தான் ஒன்பது மாதத்தோடு போயிற்று.

வெளியே வந்ததும் நேராக என் ஷெட்டுக்குத்தான் வந்தான். வேறு யார் சேர்ப்பார்கள்? படுக்க இடம் கொடுத்தேன். இரண்டு வேளைச் சோறு நானே வாங்கிக்கொண்டு வருவேன். ஒரே ஒரு தடவை கேட்டான்.

"அன்னிக்கு பெயிண்ட் ஈரமா இருந்துச்சுல்ல, நைனா?"

"இல்லியேடா. காஞ்சுதான் இருந்துச்சு," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். அதற்கப்புறம் தன் ஞாபகத்தை அவன் நம்பியதே இல்லை.

நான் கணக்குப் போடாதது ஒன்று. அவன் என்னோடு இருந்தான், ஆனால் ஸ்பேனரைத் தொடவில்லை. மண்ணெண்ணெயில் பழைய நட்டுகளைக் கழுவுவான். கழுவியதையே திரும்பக் கழுவுவான். "என் கைய நம்ப முடியலபா," என்பான். மூன்று வருஷமாக ஷட்டரை நான்தான் தூக்குகிறேன். இன்று காலையில் பாதியில் நின்றுவிட்டது. தூக்க முடியவில்லை. குனிந்து உள்ளே போகவும் முடியவில்லை. அப்படியே நடந்து இங்கே வந்துவிட்டேன்.

இந்தத் தீப்பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தப் பின்தான். புதுசு, தூக்கிப்போட மனம் வரவில்லை. தலையில் பச்சை தெரிகிறதா? போடாத பின்னில் பெயிண்ட் ஏறாது. கோர்ட்டுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஆம், இரண்டு பேரையும் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். யாரையாவது அனுப்பி ஷாகுலிடம் சொல்லிவிடுங்கள். அவன் பின் போட்டிருந்தான், இரண்டு காலையும் ஒழுங்காக மடக்கியிருந்தான், பெயிண்ட் ஈரமாகத்தான் இருந்தது. இதைக் கேட்டால் இன்றைக்கே ஸ்பேனரை எடுத்துவிடுவான். அந்த வாடகைக் காருக்கு இடது பக்கம் பேரிங் மாற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் கேட்டிருக்கிறார்கள். பச்சை டப்பாவை நேற்றே திறந்து வைத்துவிட்டேன். மேலே ஆடை கட்டியிருக்கும், குச்சியால் எடுத்துவிடட்டும். இந்தாருங்கள், சாவி. அவன் கோபப்பட மாட்டான், சார். நான் திரும்பி வரும்வரை ஷெட்டைப் பார்த்துக்கொள்வான். இத்தனை நாளாக நான் அவனைப் பார்த்துக்கொள்ளவில்லையா?