தாலிக்கொடியில் இரண்டு சேப்டி பின்

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த பஸ்ஸின் பின் சீட்டில் நாங்கள் மூன்று பேர்: ஒரு மாமி, அவருடைய புது மருமகள், ஜன்னலோரமாக நான்.

“தாலிக்கொடியில நீங்கள் கொழுவிவிட்ட ரெண்டு சேப்டி பின்னும்தான் மாமி, என்ர ஆத்தை மறைச்சுப்போட்டுது.”

“ஆறோ? என்ன பிள்ளை விசர்க்கதை?”

“கற்கால ஆக்கள் கரையில இருந்த ஆறு, மன்னாரில மண்ணுக்குக் கீழ கிடக்கு. தோண்டத் தேவையில்லை, மண்ணில இருக்கிற காந்தத்தை அளக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு மேல நடந்தால் படம் வரும். கிட்ட இரும்பு இருந்தால் படம் பழுது. எங்கட தொல்லியல் கந்தோரில திங்கள் திரும்ப நடக்கச் சொல்லிட்டினம். இன்னொருக்கா பிழைச்சால் வேற ஆளைப் போடுவினம்.”

மாமி மருமகளின் தாலிக்கொடியைப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்ப தாலியைக் கழட்டப் போறியோ?”

“பவுன் ஒண்டும் செய்யாது மாமி. பின் மட்டும்தான். கழட்டினால் கோவிப்பியளோ எண்டு...”

“இஞ்சால திரும்பு.” ஓடுகிற பஸ்ஸில் மாமியே இரண்டு பின்னையும் கழற்றித் தன் பையில் போட்டார். பிறகு குரலைத் தணித்தார்.

“சட்டையில தைச்ச ஊக்கும் இரும்புதானே பிள்ளை?”

“ஓம் மாமி.”

“அப்ப இறங்கின உடன பிளாஸ்டிக் பட்டன் வாங்குவம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எல்லாச் சட்டைக்கும் நான் மாத்தித் தைச்சுத் தாறன்.”