வீட்டுப் பாஷை

இல்லங்க, ஊசி போடுற டாக்டர் இல்ல. இது படிச்சு வாங்குற டாக்டர். அதுவும் இன்னும் வாங்கல. சரி, ஆராய்ச்சி பண்ணிக்கோன்டு இன்னிக்குத்தான் யுனிவர்சிட்டியில ஒத்துக்கிட்டாங்க. நல்லாச் சாஞ்சு உக்காருங்க, இந்த பஸ்ஸு ஆரப்பாளையம் போயிச் சேர நேரமாகும்.

மகளை ஹாஸ்டல்ல விட்டுட்டு வாரீங்களா? உங்க ஊரு கொட்டாம்பட்டியா, அம்புட்டுத் தூரமா? அது படிச்சுக்கிரும், கண்ணைத் தொடைங்க.

இந்த வயசுல எதுக்குன்டுதான கேக்குறீங்க? அட, சொல்லுங்க, எல்லாரும் கேக்குறதுதான். நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரு. மீனலோசனி டீச்சர்ன்டா ஆனையூர்ல தெரியும். லீவு போட்டுப் போட்டுத்தான் இதுக்கு அலையுறேன். இன்னதைப் பத்தி இப்பிடி ஆராயப் போறேன்டு எழுதிக் குடுக்கணும். ப்ரபோசல்ம்பாங்க. பெறகு கமிட்டி முன்னாடி நின்டு பேசணும். குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க. போன தடவை, இது ஒரு ஆளோட கதைம்மா, ஆராய்ச்சி இல்லன்டு திருப்பி அனுப்பிட்டாங்க.

எதைப் பத்தியா? நாங்க சௌராஷ்ட்ரா. ஆமா, பட்டுநூல்காரங்க. எங்களுக்கு வீட்டுக்குள்ள வேற பாஷை, வெளிய தமிழ். வாசல்படி தாண்டுனா வாய் தானா மாறிக்கிரும். கொஞ்சுறது, சண்டை போடுறது, சாமி கும்புடுறது எல்லாம் அதுலதான். இப்பிடி ரெண்டு பாஷைக்காரங்களுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சுன்டு வைங்க. திரும்ப வாரப்ப சில பேருக்கு ரெண்டும் வரும். சில பேருக்கு ஒண்ணுதான் வரும். எது வரும், எது வராது, அது ஏன், அதான் என் தலைப்பு.

அப்பிடித்தாங்க நானும் நெனச்சேன், பெத்தவ சொல்லிக்குடுத்ததுதான் நிக்கும்ன்டு. இல்ல. ஒரு பேஷன்ட். ஜவுளிக்கடை வச்சிருந்தவரு. வீட்டுல மறந்துங்கூட தமிழ் பேசாத ஆளு. அவருக்குத் தமிழ் மட்டும் வந்துச்சு. மத்தது துப்புரவாப் போச்சு. எங்க பாஷையில தண்ணிக்குப் பனின்டு சொல்லுவோம். டம்ளரை நீட்டிப் பனின்டு சொன்னா, அந்த மனுஷன் சன்னலைப் பாக்குறாரு. வெயிலடிக்குதே, பனி எங்கங்குறாரு.

சிரிங்க, தப்பில்ல. கமிட்டியிலயும் சிரிச்சாங்க.

இந்தத் தடவை பிசியோதெரப்பி பண்ற எடம் எடமா அலைஞ்சு, அதே மாதிரி இன்னும் சில பேரைப் புடிச்சேன். அதனால எண்ணிக்கையில குத்தம் சொல்ல முடியல. கடைசி அத்தியாயத்துலதான் புடிச்சுக்கிட்டாங்க. போன பாஷையைத் திரும்பக் கொண்டு வர முடியுமா, என்னென்ன பண்ணிப் பாக்கலாம்ன்டு எழுதியிருந்தேன். கமிட்டிக்குன்டு வெளியூர்ல இருந்து வந்த பெரியவரு, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சொல்றாரு, ஏம்மா, இதுல ஆராய்ச்சி தெரியல, ஆசைதான் தெரியுது. வைத்தியம் வேற, ஆராய்ச்சி வேற. இதை எடுத்துட்டா மத்ததுக்கு நான் சம்மதம்.

வாதாடாம இருப்பனா? அந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்க சார், வேணும்ன்டா மத்ததைக் குறைக்கிறேன்டு கேட்டுப் பாத்தேன். அந்த அத்தியாயத்தைத் திரும்ப அவரு முன்னாடி விரிச்சு வச்சேன். கூட இருந்த மேடம் தண்ணி பாட்டிலை நகத்தி வச்சாங்க. அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. நான் போட்டுக் காட்டுன ஆடியோவுல அந்தப் பேஷன்ட்கிட்ட ஒரு பொம்பளக் குரல் பேசுதே, அது யாருன்டு. எங்க கைடு சிவபாண்டி சாருக்குத் தெரியும். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வீட்ல உள்ளவங்க மேடம்ன்டேன். அதுக்கு மேல அவுங்களும் கேக்கல.

எடுத்துட்டேங்க. கையோட எடுத்துட்டேன். ஏன் போச்சுன்டு ஆராயலாம், வருமான்டு ஆராயக் கூடாது. கையெழுத்துப் போட்டாங்க, கைதட்டுனாங்க, சிவபாண்டி சார் வடையும் டீயும் வாங்கிக் குடுத்தாரு. வெளிய வந்து போனை எடுத்தேன். யாருக்குப் போடன்டு தெரியல. மக ஸ்ரீவர்ஷினி புனேயில வேலையா இருப்பா. பாஸாயிட்டேன்டு அனுப்புனேன். கட்டைவெரல் படம் ஒண்ணு வந்துச்சு. நல்ல பிள்ளதான், அவளுக்கு நூறு வேலை. எங்க பாஷையும் அவளுக்கு அரைகொறைதான்.

யாரு, அந்தப் பேஷன்ட்டா? நல்லா இருக்காரு. கம்பை ஊனி நடக்குறாரு. சாப்பாடெல்லாம் குறையில்ல. பகல்ல சோலையம்மாள்ன்டு ஒருத்தவங்க தொணைக்கு இருக்காங்க, தமிழ்ல அவுங்களோட அப்பிடி ஒரு பேச்சு. பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்.

எங்க வீட்டுக்காரருதாங்க. ராஜகுருன்டு பேரு. கல்யாணமான நாள்ல இருந்து நாங்க தமிழ்ல ஒரு வார்த்தை பேசிக்கிட்டது கெடையாது. இப்ப அவருக்கு மிச்சம் இருக்குறது கடையில பேசுன தமிழ். வாரவங்களை உக்கார வச்சு, சேலை பிரிச்சுப் போட்டுப் பேசுற தமிழ் இருக்குல்ல, அது. மொதல்ல எங்க பாஷையிலயே பேசிப் பேசிப் பாத்தேன். புரியாம முழிச்சு, பாவம், அழ ஆரம்பிச்சுட்டாரு. அதோட விட்டுட்டேன். இப்ப அந்தப் பாஷையில பேச வீட்டுல எனக்கு ஆளில்ல.

இந்தா, காளவாசல் வந்துருச்சு. வீட்டுக்குப் போயிக் கதவைத் தொறந்தா நிமிந்து பாப்பாரு. வாங்கக்கா, உக்காருங்க, என்ன சேலை காட்டட்டும்பாரு. என்னையத்தான். சும்மா பாத்துட்டுப் போக வந்தேன், அண்ணேன்டு நானும் உக்காருவேன். இன்னிக்குப் பாஸாயிட்டேன்டு சொல்லணும். தமிழ்ல சொன்னாப் புரிஞ்சுக்கிருவாரு. சந்தோஷமாச் சிரிப்பாரு. சிரிச்சுட்டு, ரொம்ப நல்லதுக்கா, வீட்டுல சொல்லிட்டீங்களான்டு கேப்பாரு.