எண்ணெய் ஊறிக்கொண்டிருந்த வண்டி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். வண்டியின் நிறம் வெளுக்காமல் ஒருத்தி காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் வண்டி சிவப்புக் கார், பழைய காலத்துப் பூச்சு. இப்போதைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இன்னொரு பூச்சு இருக்கிறது. என்னுடையதற்கு அந்தப் போர்வை கிடையாது. வெயிலில் வெளுக்கும், துடைத்தால் துணியெல்லாம் சிவக்கும். பெயின்ட் கடைக்காரர் முன்பே எச்சரித்தார்.

"துணியில வர்றது அழுக்கில்லம்மா, உங்க வண்டிதான். ரொம்பத் தேய்க்காதீங்க. எண்ணெய்ப் பாலிஷ் பூசி, ஒரு நாள் முழுக்க நிழல்ல ஊற விடுங்க. அதுவரைக்கும் தூசு மட்டும் படக்கூடாது. ஈரத்துல ஒட்டுச்சுன்னா துடைக்கும்போது கீறிடும்."

என் முகத்துக்கு இந்தச் சீராட்டெல்லாம் நடந்ததில்லை. அது வெளுத்து, வெடித்து, அடிப்பூச்சு தெரிய ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. வீட்டுக்காரர் சிரிப்பார்: "எனக்கும் கொஞ்சம் பாலிஷ் போடேன். நானும் ஒரு ஓரமா நிக்கிறேன்."

பாலிஷ் பூசிய அன்று காலை வண்டியைக் கொட்டகைக்குள் விட்டபோதுகூட அவர்தான் பின்னால் நின்று வழி காட்டினார். "வா, வா, இன்னும் கொஞ்சம்... போதும்மா, சுவத்தையும் சேத்து ஓட்டிட்டுப் போயிடாத."

பூசி முடித்தேன். மத்தியானம் வெளியே புழுதிக்காற்று கிளம்பிவிட்டது. உள்ளே அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மாடி வீட்டுத் தம்பி ஓடி வந்து அவரை அள்ளித் தூக்கினான்.

"அக்கா, சாவியக் குடுங்க, நான் ஓட்டுறேன்."

"பேட்டரி போச்சு தம்பி. ஸ்டார்ட்டே ஆகல."

சாவி என் இடுப்பில் இருந்தது. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தெருவே சாட்சி சொல்லும். அன்று வழுக்கிக்கொண்டு வந்தது, நாக்கிலும் கொஞ்சம் பாலிஷ் பட்டிருக்க வேண்டும். அவர் கண்கள் என் இடுப்பையே பார்த்தன. வாய்தான் எழவில்லை.

வாடகை வண்டி ஆடி அசைந்து வந்தது. "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா இந்தக் கையும் காலும் பிழைச்சிருக்கும்" என்றார் டாக்டர். எல்லோரும் பேட்டரியைத் திட்டினார்கள். கூடச் சேர்ந்து நானும் இரண்டு வசவு வைத்தேன். தம்பிக்கு மனசு கேட்கவில்லை, புதுப் பேட்டரியே வாங்கி வந்துவிட்டான். நன்றாக இருந்த பழையதை அவன் கழற்ற, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

"இனிமே இது உங்களைக் கைவிடாதுக்கா" என்றான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

இன்று காலை மகள் கூவிக்கொண்டு வந்தாள். "அம்மா, அப்பா 'தண்ணி'ன்னு சொல்லிட்டாரும்மா! இனிமே ஒவ்வொரு வார்த்தையா திரும்பிடுமாம்."

அப்படியானால் 'சாவி'யும் ஒரு நாள் அவர் வாய்க்குத் திரும்பும். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொன்னால் மரியாதை என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். வண்டி ஓடியிருக்கும் கண்ணுகளா. ஈரத்தில் தூசு ஒட்டிவிடும் என்றுதான் அவரை நான் ஏற்றவில்லை.

அதற்காக அவரைக் கவனிக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டகையிலேயே, வண்டிக்குப் பக்கத்தில், அவர் ஆசைப்பட்ட மாதிரி ஓரமாக நாற்காலி போட்டிருக்கிறேன். வெயில் படாது, தூசும் வராது. நான் பாலிஷ் போடும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும், அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான். சற்று முன்னால்கூட, கையிலிருந்த துணியாலேயே அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். எத்தனை நல்ல சிவப்பு. ஆளே தெளிந்துவிட்ட மாதிரி இருக்கிறார்.

போய் வாருங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், பிள்ளை குட்டிகள் கைகால் சுகத்தோடு இருக்கட்டும். எது எப்படிப் போனாலும், உங்கள் வாசலில் நிற்கிற வண்டியில் ஒரு கீறல் விழாமல் இருக்கட்டும்.