எட்டு மணிப் படகு

தெமோதரைப் பக்கம் நடக்கிறேன். பதுளையில் டீச்சரின் வீட்டிலிருந்து வெளியேறி வருகிறேன். எங்கோ கல் உடைக்க வெடி வைக்கிறார்கள். ஒன்று. இரண்டு. ரோட்டோரம் அட்டை நெளியும் புல்லில் குப்புற விழுந்தேன். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"என்னண்ணே, அட்டைக்கு முத்தம் குடுக்குறீங்களா?"

எழுந்து நடந்தேன்.

வடக்கே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு தினப் பத்திரிகை. ஒற்றைத் தாள். ஈய எழுத்து. காலால் மிதிக்கும் அச்சு இயந்திரம். அதன் ஆசிரியர், அந்த டீச்சரின் அண்ணன். எழுத்துக் கோர்ப்பவன் நான். ஏழாம் வகுப்போடு இந்த மலையை விட்டு அலைந்தவன். தொண்ணூறுகளில், யுத்தத்தில், காகிதம் வருவது நின்றது. பள்ளிக் கொப்பித் தாளில் அச்சடித்தோம். ஒரு நாளும் விடவில்லை.

வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போடுவோம். ஒரு வரியை மட்டும் கலைப்பதில்லை. 'படகு: காலை 8 மணி.' நூல் கட்டியபடியே கிடக்கும். மறுநாளும் அதுவே.

திங்கட்கிழமை மாலை. ஷெல் அடி தொடங்கிவிட்டது. ஆசிரியர் வாசலில் நின்று கத்தினார்.

"நாளைக்குப் படகு ஆறரைக்கு! அதுதான் கடைசி. மாத்திப் போடும்!"

"சரிங்க ஐயா."

செத்தவர்களின் பெயர்களைக் கோர்த்தேன். நிறைய இருந்தன. பிறகு கை தன் பழக்கத்தில் நூல் கட்டிய வரியை எடுத்து வைத்தது. விடியுமுன் பத்திரிகை வீடுகளுக்குப் போனது.

செவ்வாய், ஆறு இருபது. படகு பாதி காலி. துறையில் ஆசிரியர் பத்திரிகையைப் பிரித்தார். பார்த்தார். 'படகு: காலை 8 மணி' என்றே இருந்தது. ஊருக்குள் திரும்பி ஓடினார்.

"ஓடி வாங்கோ! படகு போகுது!"

படகு போனது. நான் அதில் இருந்தேன். எட்டு மணி கடந்து மூன்று ஷெல். முதலில் தலைக்கு மேல் விசில். பிறகு துறைப் பக்கம் புகை.

பதுளைக்கு வந்து அந்தத் தாளை டீச்சரிடம் கொடுத்தேன். வாசித்தார்.

"எட்டு மணியெண்டு கிடக்கு. ஆர் இதைக் கோர்த்தது?"

"நாந்தாங்க டீச்சர்."

தாளை நாலாக மடித்தார். பிறகு, "சாப்பிட்டனீரோ?" என்றார்.

"சாப்பிட்டேங்க." பொய். வெளியே வந்துவிட்டேன்.

போனவை: அச்சு இயந்திரம். பத்திரிகை. ஆசிரியர். பெட்டி படுக்கையோடு எட்டு மணிக்குத் துறைக்கு வந்த பத்தொன்பது பேர். அவர்களின் பெயரை அச்சடிக்கப் பத்திரிகை இல்லை.

மறுநாள் காலை, தெமோதரைத் தோட்டம். கங்காணி கேட்டார்.

"எழுதப் படிக்கத் தெரியுமாப்பா? பேர் பதிய ஆள் இல்ல."

"தெரியாதுங்க."

"அப்ப கான் வெட்டப் போ. மழைத்தண்ணி ஓடாம நிக்குது."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.