கல்யாணத்துக்குப் பார்த்த புல்வெளி

...கொஞ்சம் வெரசா ஓட்டு தம்பி! அங்க சம்பந்தி வீட்டு பஸ்ஸு அச்சு வரைக்கும் சேத்துல நிக்குது, நீ என்னடான்னா ட்ராக்டர தாலாட்டிக்கிட்டு வர்ற! எல்லாரும் தலைநகரம் பிஷ்கெக்லேர்ந்து வந்தவங்க. சம்பந்தியம்மா வெள்ளை ஷூ வேற. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு, ஜிபார். இன்னிக்கு விருந்து கெட்டுதுன்னா, காலத்துக்கும் அந்த வீட்ல அவளுக்குத்தான பேச்சு விழும்!

எல்லாம் அந்த கம்ப்யூட்டர் மேப்பு பண்ணின வேலை. எங்க வீட்டுக்காரர் அப்பவே, "குதிரைல ஒரு நடை போயி இடத்தப் பாத்துட்டு வந்துடறேன்"னார். நான் விடல. பூகோள டீச்சர் எனக்கு குதிரை வந்து இடம் சொல்லணுமா? நீயே சொல்லு. சொல்ல மாட்டியே, சிரிக்கத்தான் தெரியும் உனக்கு.

மேடெல்லாம் சிவப்பு, சமதரையெல்லாம் பச்சைன்னு அது வர்ணம் போட்டுக் காட்டுதுப்பா! ரோடு கிட்டக்க, ஓடை கிட்டக்க, காத்துக்கு மறைவா ஒரு குன்று... எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பார்த்தா, மலையடிவாரம் முழுக்க ஒரே ஒரு இடந்தான். அடடா, வழிச்சு விட்ட மாதிரி ஒரு புல்வெளி! குதிரைப் பந்தயமே விடலாம். கூடாரம் போட்ட ஓரமும் கெட்டியாத்தான் இருந்துச்சு. இந்த பஸ்காரன யாரு நடுவுல விடச் சொன்னா?

என்ன கேட்ட? அந்த இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு எனக்குத் தெரியுமான்னா? ...தெரியும்ப்பா. இப்பத் தெரியும். கரா-சாஸ். சாஸ்னா சதுப்புன்னு பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் எழுதித்தான் வச்சிருந்துது, கொட்டை எழுத்துல. அந்த எழுத்து என் புல்ல மறைச்சுது... பேரெல்லாம் வேணாம்னு நாந்தான் அணைச்சுட்டேன். போதுமா? சிரி, நல்லா சிரி! எங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாத.

ஐயோ, அங்க பாரு! சம்பந்தியம்மா ஷூவக் கழட்டிட்டாங்க! ஒரு கைல குதிரைப்பால் குமிஸ் கிண்ணம், இன்னொரு கைல என் பொண்ணு... சேத்துல ஆடறாங்கடா! என்னா சிரிப்பு! எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல தட்டற மாதிரி தட்டிக் காட்றாரு... அப்ப அவருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரியட்டும், போ!

தம்பி, நிறுத்து, நிறுத்து! கயிற எடுக்காத. பஸ்ஸு சாயங்காலம் வரைக்கும் அங்கயே கிடக்கட்டும். நீ எறங்கி வந்து சாப்பிடு!