மடித்து வைத்த பச்சை வயர்

மனிதகுலத்தின் நன்மையைக் கருதி ஓர் அறிவிப்பு: பிளக் மாட்டுவது எல்லாருக்கும் கைவராது. இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் இருபத்தாறு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன். என் மனைவியின் தம்பியோ மரக்கடையில் மூன்று வருஷம் பில் போட்டவன். அந்த அனுபவத்தை வைத்து, என் வீட்டுப் பின்னறையில் பழைய மரமறுக்கும் மெஷின் ஒன்றை இறக்கி, கதவில் 'நிர்வாக இயக்குநர்' என்று பலகையும் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் எம்.டி. நாங்கள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தோம். அவன் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டான்.

அந்த மெஷினுக்குப் பெரிய பவர் பிளக் மாட்டிக் கொடுத்தேன். ஸ்விட்சைப் போட்டால் மெயின் ட்ரிப்பாகி வீடே இருட்டாயிற்று. மறுபடி போட்டால் மறுபடி.

"மோட்டார்ல இருந்து கரண்ட் பாடிக்கு இறங்குதுப்பா. பிரிச்சுப் பாக்கணும், ரெண்டு நாள் ஆகும்" என்றேன்.

"அத்தான், பிளக் மாட்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. பாவம், மோட்டார் மேல ஏன் பழி போடுறீங்க?"

மூன்றாம் நாள் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நான் பிளக்கும் கையுமாகக் குந்தியிருக்கும் படம் வந்தது. கீழே, 'ஒரு பிளக். ஒரு நிபுணர். மூன்றாவது நாள்.' பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

"அவன் வாயை அடைக்கிற மாதிரி முடிச்சுக் குடுங்களேன்" என்றாள் சமாதானமாக.

முடித்துக் கொடுத்தேன். பச்சை வயரை மட்டும் கழற்றி, மடித்து, டேப் சுற்றி, பிளக்குக்குள்ளேயே வைத்து மூடினேன். கசிகிற கரண்ட்டைத் தரைக்கு அனுப்புகிற வயர் அது. அது இல்லாவிட்டால் மெயின் ட்ரிப்பாகாது, வீடும் இருட்டாகாது. கரண்ட் மெஷினின் உடம்பிலேயே சாதுவாகக் காத்திருக்கும்.

மெஷின் ஓடியது. "பாத்தீங்களா அத்தான், மோட்டார்ல ஒண்ணுமே இல்ல."

"ஆமாப்பா, நீ சொன்னதுதான் சரி" என்றேன். நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்கு நாள் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் தடித்த ரப்பர் செருப்போடுதான் நிற்பான். அதை நம்பித்தான் செய்தேன். என்றைக்காவது கையில் சுர்ரென்று ஒரு தட்டு விழும், வாய் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் என் எண்ணம். கொலை என்பதெல்லாம் பெரிய வார்த்தை ஐயா.

ஐந்தாம் நாள் காலை ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினைத் தொட்டான்.

குழுவில் இப்போது அவன் படம் இருக்கிறது. பதினாறு பேர் அழுகிற முகம் போட்டிருக்கிறார்கள். என் மனைவி இன்னும் போனைத் தொடவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? கடைசியாக ஒன்று. அன்று காலை அந்த அறையைக் கழுவிவிட்டவன் நான். செருப்பையும் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தேன்.